பட்ஜெட்டில் இலக்கு வைப்பது: மூன்று வழிகளும் என் தேர்வும்

ஓர் அரசுத் துறை இந்த வருடம் என்ன செய்து முடிக்க வேண்டும் என்பதை எங்கே எழுதி வைப்பது? பணம் கொடுக்கும் சூத்திரத்துக்குள்ளேயா, துறைத் தலைவர் கையெழுத்திடும் தனி ஒப்பந்தத்திலா, அல்லது பட்ஜெட் புத்தகத்தில் ஒதுக்கீட்டுத் தொகைக்குப் பக்கத்திலேயா?

ஒரு துறையின் திட்டப் பிரிவில் இருந்தபோது இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பரிந்துரைக்கும் வேலை எனக்கு வந்தது. உரிமம் வழங்குவதும் அதற்கான கள ஆய்வும்தான் அந்தத் துறையின் முக்கிய வேலை. அடுத்த பட்ஜெட்டிலிருந்து எல்லாத் துறைகளும் செயல்திறன் இலக்குகளைச் சொல்லியாக வேண்டும் என்று நிதித்துறை சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. எந்த வடிவத்தில் என்பதைத் துறைகளின் முடிவுக்கு விட்டிருந்தார்கள். நான் மூன்றாவது வழியைப் பரிந்துரைத்தேன், அது ஏற்கப்பட்டது. அதற்குப் பிறகு பல பட்ஜெட்டுகளைப் பார்த்துவிட்டேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இலக்கே வேண்டாம், செலவுத் தலைப்புகள் மட்டும் போதும் என்ற பழைய வழியும் இருக்கிறது. சம்பளம் இவ்வளவு, பயணப்படி இவ்வளவு, எரிபொருள் இவ்வளவு என்று வரி வரியாக எழுதும் பட்ஜெட். பணம் வேறு வழியில் போகாமல் பார்த்துக்கொள்ள அதைவிட நல்ல கருவி கிடையாது. ஆனால் அந்தப் பணத்தால் என்ன வேலை நடந்தது என்று அது சொல்லாது. அமெரிக்காவில் அரசு நிர்வாகத்தைச் சீரமைக்க வழி சொல்ல அமைத்த ஹூவர் ஆணையம் 1949-லேயே இந்தக் குறையைச் சொல்லி, செயல்திறன் பட்ஜெட் வேண்டும் என்று பரிந்துரைத்துவிட்டது. ஆகவே அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. இலக்கு வேண்டும் என்று முடிவான பிறகு வரும் கேள்வி மட்டும்தான் இங்கே.

சூத்திர வழி

இவ்வளவு வேலை செய்தால் இவ்வளவு பணம். கேட்பதற்கு மிகவும் நியாயமாக இருக்கும் வழி இதுதான். எங்கள் கூட்டத்திலும் இதற்குத்தான் முதலில் ஆதரவு கிளம்பியது.

இதன் மிகத் தெளிவான உதாரணம் 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருக்கிறது. ராபர்ட் லோ கல்விப் பொறுப்பில் இருந்தபோது 1862-இல் வந்த விதிப்படி, தொடக்கப் பள்ளிகளுக்கான அரசு மானியம் மாணவரின் வருகையையும் தேர்வு முடிவையும் பொறுத்துக் கிடைத்தது. சராசரி வருகைக் கணக்கில் தலைக்கு 4 ஷில்லிங். 6 வயதைக் கடந்த பிள்ளைக்கு மேலும் 8 ஷில்லிங். ஆனால் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றில் எதில் தவறினாலும் ஒவ்வொன்றுக்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடித்தம் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங்). மூன்றிலும் தவறினால் அந்த 8 ஷில்லிங் முழுவதும் போய்விடும்.

கணக்கு சுத்தமாக இருக்கிறது. விளைவு அப்படி இல்லை. ஆசிரியர்கள் அந்த மூன்று பாடங்களுக்குள் ஒடுங்கிக்கொண்டார்கள், மற்ற பாடங்கள் பின்னுக்குப் போயின. அதைச் சரிசெய்ய, கூடுதல் பாடங்களுக்கும் மானியம் என்று விதிகளில் விதிகளைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். 1890-களில் படிப்படியாக இந்த முறையே கைவிடப்பட்டது. பாடம் நடத்தும் விதத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று: பணம் பிள்ளைவாரியாகப் போவதால், பிள்ளைவாரியாகச் சோதித்தாக வேண்டும். ஆய்வாளர்கள் வருடா வருடம் பள்ளி பள்ளியாகப் போய் அதையே செய்துகொண்டிருந்தார்கள். பள்ளியை மேம்படுத்த வழி சொல்ல வேண்டியவர், மானியம் எண்ணும் ஆளாகிவிட்டார்.

சூத்திர வழி நன்றாக ஓடும் இடங்களும் இருக்கின்றன. முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டம் 1983-இல், நோயாளி எத்தனை நாள் படுக்கையில் இருந்தார் என்று பார்க்காமல், நோய் எந்த வகைப்பாட்டில் வருகிறதோ அதற்கு ஒரு நிலையான தொகை என்று மருத்துவமனைகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது. மருத்துவமனையில் தங்கும் நாட்கள் குறைந்தன. பல நாடுகள் அதன் ஒரு வடிவத்தை எடுத்துக்கொண்டன. டென்மார்க் பல்கலைக்கழகங்களுக்கு, தேர்வில் தேறிய மாணவர்களின் கணக்கில் பணம் கொடுத்தது. இங்கெல்லாம் பொதுவாக இருப்பது என்ன? எண்ணக்கூடிய ஓர் அலகு இருக்கிறது, அதன் விலை தெரியும், செய்யும் நிறுவனங்கள் பல இருக்கின்றன. அப்படியிருந்தும், அதிகத் தொகை கிடைக்கும் வகைப்பாட்டில் நோயாளியைப் பதிவு செய்யும் பழக்கம் மருத்துவமனைகளில் வந்தது. அதைப் பிடிக்கக் குறியீட்டுத் தணிக்கை என்று ஒரு தனி ஏற்பாடே தேவைப்பட்டது.

மருத்துவமனை நிதியை உள்ளே இருந்து நான் பார்த்ததில்லை. அந்தத் துறைக்காரர்கள் என் கருத்தை வெளியாள் கருத்தாகவே எடுத்துக்கொள்ளலாம். எங்கள் துறைக்கு இது ஒத்துவராது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கொடுக்கும் உரிமத்துக்கு ஏற்பப் பணம் என்றால், கொடுக்கக் கூடாத உரிமத்தையும் கொடுக்கச் சொல்லி நாமே அலுவலகங்களைத் தள்ளுவதாக ஆகும். கொடுக்க மறுப்பதும் எங்கள் வேலைதான்.

ஒப்பந்த வழி

இரண்டாவது வழியின் மீது எனக்கு உண்மையான மரியாதை உண்டு. துறையின் தலைவரும் அரசின் மையமும், அதாவது ஆட்சித் தலைவரின் அலுவலகம் போன்ற மேலிடமும், உட்கார்ந்து பேசி, இன்னின்ன விஷயங்கள் இந்தத் தேதிக்குள் என்று எழுதிக் கையெழுத்திடுவது. அதைப் பின்தொடர மையத்தில் ஒரு சிறு குழு இருக்கும்.

பிரிட்டனில் 1998-இன் செலவின மறுஆய்வோடு சேர்த்துப் பொதுச் சேவை ஒப்பந்தங்கள் வந்தன. முதலில் நூற்றுக்கணக்கில் இலக்குகள் இருந்தன. ஒவ்வொரு மறுஆய்விலும் குறைத்துக்கொண்டே வந்து, 2007-இல் 30 ஒப்பந்தங்களில் நிறுத்தினார்கள். இந்த இலக்குகள் பணம் பேசும் மேசையிலேயே பேசி முடிவானவைதான். பிறகு அவற்றை நடத்தியதுதான் வேறு இடம்: 2001-இல் பிரதமருக்காக அமைக்கப்பட்ட செயலாக்கப் பிரிவு. பிரதமரே நேரில் உட்கார்ந்து எண்களைப் பார்த்தார். காத்திருக்கும் நேரம், ரயில் தாமதம், பள்ளித் தேர்ச்சி என்று தொடர்ச்சியாகக் கேட்டார்கள். மேலிடம் கேட்கும்போது துறைகள் அசைகின்றன, அதை மறுக்க முடியாது.

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் நோயாளியை 4 மணி நேரத்துக்குள் பார்த்து முடித்து அனுப்ப வேண்டும் அல்லது உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும் என்பது அந்தக் காலத்தின் புகழ்பெற்ற இலக்கு. காத்திருப்பு நிஜமாகவே குறைந்தது. கூடவே, நோயாளிகள் வெளியேறும் நேரத்தை வரைபடமாகப் போட்டுப் பார்த்தபோது 4 மணி நேரம் முடிவதற்குச் சற்று முன்னால் ஒரு செங்குத்தான மேடு தெரிந்தது. கடிகாரத்தைப் பார்த்து வேலை நடந்திருக்கிறது. இதை வைத்து அந்த இலக்கே வீண் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முன்பு 10 மணி நேரம் உட்கார்ந்திருந்தவருக்கு 3 மணி 50 நிமிடம் பெரிய விஷயம்.

என் தயக்கம் வேறு. இந்த வழி, அதை நடத்துபவர் நாற்காலியில் இருக்கும் வரைதான் ஓடுகிறது. 2010-இல் பிரிட்டனில் ஆட்சி மாறியதும் ஒப்பந்தங்களும் போயின, செயலாக்கப் பிரிவும் மூடப்பட்டது. நியூசிலாந்து 2012-இல் பத்து இலக்குகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பல துறைகளைக் கூட்டுப் பொறுப்பாக்கி, ஐந்து வருடக் கெடு வைத்தது. மிக நேர்த்தியான ஏற்பாடு அது. 2017-இல் ஆட்சி மாறிய பின் கைவிடப்பட்டது. 2023-இல் மறுபடி ஆட்சி மாற, 2024-இல் ஒன்பது இலக்குகளோடு வேறு பட்டியல் வந்தது. இந்தியாவில் 2009-இல் அமைச்சகங்களுக்குத் தொடங்கிய, ‘முடிவுச் சட்டக ஆவணங்கள்’ என்ற வருடாந்திர இலக்கு ஒப்பந்தங்களும் 2014 ஆட்சி மாற்றத்தைத் தாண்டி நிலைக்கவில்லை.

ஆட்சி மாற வேண்டும் என்பதுகூட இல்லை. துறைச் செயலாளர் இடமாறினாலே போதும். அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் புதிதாக வருபவர் ஏன் தன்னுடையதாக நினைக்க வேண்டும்? அவர் வந்து கோப்பைப் பிரித்துப் படிப்பதற்குள் காலாண்டு ஒன்று போய்விடும். கேட்கும் ஆள் இல்லை என்று தெரிந்த அன்றே கீழே எண்ணுவதை நிறுத்திவிடுவார்கள்.

பட்ஜெட் வழி

மூன்றாவது வழியில் இலக்கு பட்ஜெட் ஆவணத்திலேயே, எந்தப் பணத்துக்காகவோ அந்தப் பணத்தின் பக்கத்திலேயே அச்சாகிறது. ஒதுக்கீடு பேசும்போது நிதித்துறை அதைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் எட்டினால் இவ்வளவு கூட்டு, தவறினால் இவ்வளவு வெட்டு என்ற தானியங்கி ஏற்பாடு கிடையாது. எண் ஒரு கேள்வியைக் கிளப்புகிறது, பதிலை மனிதர்கள் பேசி முடிவெடுக்கிறார்கள்.

இதைத் தேர்ந்தெடுக்க எனக்கு இருந்த ஒரே பெரிய காரணம் பராமரிப்பு. இலக்கு வைப்பது ஒரு மதியத்தில் முடிந்துவிடும் வேலை. அந்த இலக்குக்குப் பின்னால் இருக்கும் எண்ணை வருடக்கணக்காக ஒரே அர்த்தத்தில் காப்பாற்றுவதுதான் செலவு பிடிக்கும் வேலை. அலுவலர்கள் மாறுவார்கள், படிவம் மாறும், மென்பொருள் மாறும், அலுவலக எல்லை மாறும். இத்தனைக்கும் நடுவில் இந்த வருட 82-ஐயும் போன வருட 79-ஐயும் பக்கத்தில் வைத்துப் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் இலக்கு இருந்தும் பயனில்லை.

இது எவ்வளவு பொதுவான வியாதி என்பதற்கு அமெரிக்க அனுபவம் ஒன்று போதும். 1993-இல் அங்கே துறைகள் திட்டமும் வருடாந்திர இலக்கும் அறிக்கையும் தர வேண்டும் என்று சட்டமே வந்தது. பிறகு 2002-இல் பட்ஜெட் அலுவலகம் ஒவ்வொரு திட்டத்தையும் கேள்வித்தாள் வைத்து மதிப்பிடத் தொடங்கியது. திட்டத்தின் நோக்கத்துக்கு 20 சதவீதம், திட்டமிடலுக்கு 10, நிர்வாகத்துக்கு 20, முடிவுகளுக்கு 50 என்று மதிப்பெண். முதல் சுற்றில் 234 திட்டங்களைப் பார்த்தார்கள். அவற்றில் ஏறத்தாழப் பாதிக்கு, நன்றாக நடக்கிறது என்றோ மோசம் என்றோ மதிப்பிட முடியவில்லை. ‘முடிவு நிரூபிக்கப்படவில்லை’ என்றுதான் எழுத முடிந்தது. சட்டம் வந்து கிட்டத்தட்ட பத்து வருடம் கழித்து இந்த நிலை. இலக்குகளுக்குப் பஞ்சம் இருந்திருக்காது. நம்பி உட்கார்ந்து பேசக்கூடிய எண்கள்தான் இல்லை.

எங்கள் துறையில் எடுத்துக்கொண்ட இலக்கு மிகச் சாதாரணமானது: உரிம விண்ணப்பங்களில் 90 சதவீதத்தை 30 நாட்களுக்குள் முடிப்பது. இதில் எண்ண என்ன இருக்கிறது என்றுதான் கூட்டத்தில் எல்லாரும் நினைத்தார்கள். வட்டார அலுவலகங்களின் பதிவேடுகளை வரவழைத்துப் பார்த்தபோது தெரிந்தது, ஆளாளுக்கு ஒரு கணக்கு.

ஒரு அலுவலகத்தில் தபால் பிரிவு முத்திரை குத்திய தேதியிலிருந்து நாள் ஓடுகிறது. இன்னொன்றில் கோப்பு சம்பந்தப்பட்ட எழுத்தரின் மேசைக்கு வந்த தேதியிலிருந்து. அப்புறம் குறை கேட்டு அனுப்பும் கடிதம். இணைப்பு ஒன்று இல்லை, சேர்த்து அனுப்பவும் என்று விண்ணப்பதாரருக்கு ஒரு கடிதம் போகும். சில அலுவலகங்களில் அந்தக் கடிதம் போனால் கடிகாரம் நிற்கும், பதில் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். வேறு சிலவற்றில் பதில் வந்த நாளே முதல் நாள். இந்த இரண்டாவது கணக்கில் 28-ஆம் நாள் ஒரு கடிதம் போட்டால் போதும், விண்ணப்பம் புதிதாகிவிடும். இதை யாரும் கெட்ட எண்ணத்தோடு தொடங்கவில்லை. கேட்க ஆளில்லாத இடத்தில் அது அப்படியே வழக்கமாகிவிட்டது. நிராகரிப்பு இன்னொரு சிக்கல். விண்ணப்பத்தை நிராகரித்தாலும் முடித்ததுதான். அப்படியானால் மாதக் கடைசியில் நிராகரித்துத் தள்ளினால் இலக்கு எட்டிவிடும்.

கடைசியில் அரைப்பக்கத்தில் ஒரு வரையறை எழுதினோம். முத்திரைத் தேதியே தொடக்கம். குறை கேட்கும் கடிதம் ஒரு முறைதான் கடிகாரத்தை நிறுத்தும், இரண்டாவது கடிதம் நிறுத்தாது. பதில் வந்ததும் விட்ட இடத்திலிருந்து எண்ண வேண்டும். நிராகரிப்பும் முடித்த கணக்கில் சேரும், ஆனால் அந்த எண்ணிக்கை தனிப் பத்தியில் பக்கத்திலேயே வர வேண்டும். யார் எண்ணுவது, எந்தப் பதிவேட்டிலிருந்து, எந்தத் தேதிக்குள் அனுப்புவது, யார் மாதிரிக் கோப்புகளைப் பிரித்துச் சரிபார்ப்பது என்பதும் அதே அரைப்பக்கத்தில். இந்த அரைப்பக்கத்தை பட்ஜெட் ஆவணத்தின் பின்னிணைப்பில் அச்சிட வைத்ததுதான் இந்த வேலையில் நாங்கள் செய்த உருப்படியான காரியம் என்று நினைக்கிறேன். அச்சில் இருப்பதால், மாற்ற வேண்டுமானால் அடுத்த பட்ஜெட்டில் மாற்றியதைச் சொல்லியாக வேண்டும். சத்தமில்லாமல் மாற்ற முடியாது.

புதிய வரையறையில் எங்கள் சதவீதம் முதல் வருடமே கீழே இறங்கியது. வேலை மோசமாகவில்லை, எண்ணும் முறை கண்டிப்பானது. பழைய முறையில் இவ்வளவு, புதிய முறையில் இவ்வளவு என்று ஒரு வருடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்தோம். இதே இலக்கு சூத்திரத்தில் கட்டப்பட்டிருந்தால் இப்படிச் செய்திருக்க முடியுமா? வரையறையைச் சரி செய்ததற்காக எங்கள் பணத்தை நாங்களே வெட்டிக்கொண்டதாக ஆகியிருக்கும். எந்தத் துறைத் தலைவரும் அதற்குச் சம்மதிக்க மாட்டார். பணம் எண்ணோடு ஒட்டியிருக்கும் இடத்தில் எண்ணைத் திருத்துவது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

ஒப்பந்த வழியோடு ஒப்பிட்டால் ஆதாயம் வேறு மாதிரி. பட்ஜெட் வருடா வருடம் வந்தே தீரும். ஆட்சி யாருடையதாக இருந்தாலும், செயலாளர் யாராக இருந்தாலும், துறை தன் ஒதுக்கீட்டைக் கேட்டு வைக்கும் மானியக் கோரிக்கை போகாமல் அடுத்த வருடச் சம்பளம் வராது. அந்தப் படிவத்தில் இலக்குக்கான கட்டம் இருந்தால் யாராவது நிரப்பித்தான் ஆக வேண்டும். மையக் குழு இல்லை, பெரிய இடத்துக் கவனம் இல்லை, ஆனாலும் எண் தொடர்கிறது. கணக்குத் தணிக்கையும் ஏற்கெனவே அதே ஆவணத்தைப் பார்க்கிறது, புதிதாக ஓர் அமைப்பை உண்டாக்க வேண்டியதில்லை. எங்கள் துறையில் செயலாளர்கள் மாறினார்கள், அமைச்சரும் மாறினார். அந்த வரையறை அப்படியே நிற்கிறது.

இதை ஒரு நாடே பெரிய அளவில் செய்து பார்த்தது பிரான்ஸ். 2001-இல் நிறைவேறிய நிதிச் சட்டம் 2006 பட்ஜெட்டிலிருந்து முழுமையாக நடைமுறைக்கு வந்தது. சுமார் 850 தலைப்புகளாகச் சிதறிக் கிடந்த செலவை 34 பெரும்பணிகளாகவும் அவற்றின் கீழ் சுமார் 130 திட்டங்களாகவும் அடுக்கினார்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் பொறுப்பான ஓர் அலுவலர். பட்ஜெட் மசோதாவோடு அந்தத் திட்டத்தின் இலக்குகள் இணைந்து போகும், கணக்கு முடிக்கும் மசோதாவோடு அதே வரிசையில் முடிவுகள் வரும். இந்த இரண்டையும் ஒரே வடிவத்தில் வைத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. திட்டத்துக்குள் பணத்தை மாற்றிக்கொள்ளப் பொறுப்பாளருக்கு உரிமையும் கொடுத்தார்கள்: சம்பளப் பணத்தை வேறு செலவுக்குத் திருப்பலாம், வேறு செலவுப் பணத்தைச் சம்பளத்துக்குத் திருப்ப முடியாது. இலக்குக்குப் பொறுப்பேற்கச் சொன்னால் கையில் கொஞ்சம் அதிகாரமும் இருக்க வேண்டும், இல்லையா?

தலைப்புகளை மாற்றி அடுக்கிய அந்த வேலை இல்லாமல் இந்த வழி பாதி பலன்தான் தரும். உரிமம் வழங்கும் வேலைக்கு எவ்வளவு செலவாகிறது என்று எங்கள் பட்ஜெட்டில் ஒரே இடத்தில் பார்க்க முடியாது. சம்பளம் ஒரு தலைப்பில், வாகனம் இன்னொன்றில், கணினி வேறொரு துறையின் தலைப்பில். இலக்கைப் பணத்துக்குப் பக்கத்தில் எழுதினோம் என்று சொன்னாலும், அந்தப் பணம் முழுப் பணமில்லை. எங்கள் மட்டத்தில் இதைச் சரிசெய்ய முடியாது, நிதித்துறைதான் செய்ய வேண்டும்.

இந்த வழியின் நோய்கள்

முதல் நோய் பெருக்கம். பக்கத்தில் இடம் இருக்கிறது என்றால் எண்களைக் கொட்டுவார்கள். பிரான்ஸிலேயே குறியீடுகள், அதாவது இலக்கை அளக்கும் எண்கள், ஆயிரத்தைத் தாண்டின. நெதர்லாந்து 1999-இல் கொள்கையையும் பட்ஜெட்டையும் இணைக்கும் சீர்திருத்தத்தை உற்சாகமாகத் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, அமைச்சர் நேரடியாகப் பாதிக்கக்கூடிய விஷயங்களுக்கு மட்டும் குறியீடு போதும் என்று பட்டியலைக் கடுமையாகச் சுருக்கியது. நானும் சுருக்குவதன் பக்கம்தான். மேலே ஒரு குறியீடு என்றால் கீழே வட்டார அலுவலகத்தில் ஒரு பதிவேடு என்று அர்த்தம். அதை நிரப்பும் எழுத்தருக்கு அது கூடுதல் வேலை. எங்கள் பட்டியலைக் கழிக்க நான் பிடித்துக்கொண்ட அளவுகோல் இதுதான்: அந்த அலுவலகம் தன் சொந்த வேலைக்காக ஏற்கெனவே வைத்திருக்கும் பதிவேட்டிலிருந்து எண் வருமா? வராவிட்டால் அந்த இலக்கை எடுத்துவிடு. பார்க்க அழகான சில இலக்குகள் இதில் அடிபட்டன, உண்மைதான். ஆனால் மேலிடத்துக்காக மட்டும் நிரப்பப்படும் பதிவேட்டில் மூன்றாவது மாதத்திலிருந்து எல்லா எண்களும் ஒன்றுபோல இருக்கும்.

இரண்டாவது, காலம் பொருந்தாமை. அடுத்த வருட பட்ஜெட்டைப் பேசும்போது இந்த வருடம் இன்னும் பாதிதான் போயிருக்கும். முழுமையாகச் சரிபார்த்த எண் போன வருடத்துடையது. ஆக, எப்போதும் பழைய முடிவை வைத்துப் புதிய பணத்தைப் பேசுகிறோம். இதற்கு முழு மருந்து இல்லை. காலாண்டு எண்களைத் தற்காலிகமானவை என்ற குறிப்போடு மேசைக்குக் கொண்டுபோவது கொஞ்சம் உதவுகிறது. அமெரிக்காவும் 2010-இன் சட்டத் திருத்தத்தில், துறைக்குச் சில முன்னுரிமை இலக்குகளை மட்டும் தேர்ந்து காலாண்டுதோறும் உட்கார்ந்து பார்க்கும் ஏற்பாட்டுக்குத்தான் வந்து சேர்ந்தது.

மூன்றாவது, யாரும் படிக்காமல் போவது. இந்தியாவில் 2005-இல் பலன் பட்ஜெட் என்று தனி ஆவணம் முதன்முதலில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 2017–18-லிருந்து, பணம், செய்யும் வேலை, அதனால் வரும் பலன் மூன்றையும் ஒரே சட்டகத்தில் பட்ஜெட்டோடு சேர்த்து வைக்கிறார்கள். தனிப் புத்தகமாக இருந்ததைவிட இது நல்ல நகர்வு என்றே நினைக்கிறேன். ஆனால் சேர்த்து வைப்பது வேறு, ஒதுக்கீடு பேசும் நேரத்தில் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கேட்பது வேறு. கேட்கும் வழக்கம் இல்லாவிட்டால் இந்த வழி வெறும் அச்சுச் செலவுதான். நிதித்துறையில் எங்களோடு பேசிய அலுவலர் ஒவ்வொரு வருடமும் அந்த அரைப்பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார், அது எங்கள் நல்ல காலம். கேட்காத ஒருவர் வந்திருந்தால் நான் இவ்வளவு உறுதியாக எழுதியிருப்பேனா என்பது சந்தேகமே.

தவறிய இலக்குக்கு என்ன செய்வது என்பதில் இன்னும் ஒரு வார்த்தை. தென்கொரியா 2005-இல் தொடங்கிய சுயமதிப்பீட்டு முறையில் வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்குத் திட்டங்களைப் பார்த்து, பலனற்றது என்று மதிப்பெண் வாங்கியவற்றுக்குக் குறைந்தது 10 சதவீத வெட்டு என்று கொள்கையாகவே வைத்தது. மதிப்பீட்டை யாரும் அலட்சியம் செய்யாமல் இருக்க அது நிச்சயம் உதவும். ஆனால் எங்கள் 30 நாள் இலக்கு ஒரு வட்டாரத்தில் தொடர்ந்து தவறியதற்குக் காரணம் அங்கே கள ஆய்வாளர் பணியிடங்கள் காலியாகக் கிடந்ததுதான். அங்கே 10 சதவீதம் வெட்டினால் என்ன ஆகும்? அடுத்த வருடம் இன்னும் தவறும். பேசித் தீர்க்கும் ஏற்பாடு இருந்ததால், எண்ணைக் காட்டி ஆளைக் கேட்டோம், கொடுத்தார்கள். வேறொரு வட்டாரத்தில் ஆள் இருந்தும் தவறியது. அங்கே பணம் கூடவில்லை, பொறுப்பாளரைத்தான் கேட்டார்கள். ஒரே தவறல், இரண்டு பதில்கள். இதை எந்தச் சூத்திரத்தாலும் எழுத முடியாது.

எங்கே நான் உறுதியாக இல்லை

எண்ணக்கூடிய வேலை செய்யும் துறை எங்களுடையது. அடிப்படை ஆராய்ச்சி, வெளியுறவு, பேரிடர்த் தயார்நிலை போன்ற இடங்களில் வேலையையும் எண்ணுவது கடினம், பலனும் பல வருடம் கழித்துத்தான் தெரியும். அங்கே பட்ஜெட்டில் இலக்கு எழுதச் சொன்னால் கூட்டங்களின் எண்ணிக்கையையும் அறிக்கைகளின் எண்ணிக்கையையும் எழுதிக் கொடுப்பார்கள். அதற்கு ஒன்றும் எழுதாமல், சில வருடங்களுக்கு ஒருமுறை வெளியாட்களை வைத்து முழு மதிப்பீடு செய்வது மேல் என்று தோன்றுகிறது. தோன்றுகிறது என்றுதான் சொல்ல முடியும், அந்தத் துறைகளில் நான் வேலை செய்ததில்லை.

சிறிய அமைப்புகளைப் பற்றியும் அப்படித்தான். பத்திருபது பேர் இருக்கும் அலுவலகத்தில் ஒருவரை எண் சரிபார்க்க உட்கார வைப்பது கட்டுப்படியாகுமா? ஒன்றிரண்டு இலக்கோடு நிறுத்திக்கொண்டால் ஆகலாம்.

ஒரு பிரச்சினை பல துறைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனால், உதாரணமாகச் சாலை விபத்து மரணங்கள், ஒப்பந்த வழிதான் பொருத்தம் என்று ஒப்புக்கொள்கிறேன். சாலை ஒரு துறை, காவல் ஒரு துறை, ஆம்புலன்ஸ் ஒரு துறை. யாருடைய மானியக் கோரிக்கைக்குப் பக்கத்தில் அந்த இலக்கை எழுதுவது? நியூசிலாந்தின் பத்து இலக்குகள் போல, மேலே ஒருவர் எல்லாரையும் சேர்த்து உட்கார வைத்துக் கேட்டால்தான் நகரும். அங்கேயும் நான் ஒன்று கேட்பேன்: விபத்து மரணம் என்றால் சம்பவ இடத்தில் இறந்தவர் மட்டுமா, 30 நாட்களுக்குள் மருத்துவமனையில் இறந்தவரும் சேர்த்தா என்ற வரையறை, எண்ணும் துறையின் பட்ஜெட் பின்னிணைப்பில் அச்சாக வேண்டும். ஒப்பந்தம் கிழிந்துபோனாலும் எண் நிற்காமல் இருக்க அந்த ஒரு பக்கம் போதும்.